பாப்பர் ஆட ஆள் கிடைப்பது எப்படி?

கேள்வி: மேஜிக் தி கேதரிங் கார்டு ஆட்டத்தில் எனக்குப் பிடித்தது பாப்பர் ஃபார்மட். ஆசையாக ஒரு பர்ன் டெக் கட்டி வைத்திருக்கிறேன். கடைக்குப் போனால் எல்லா மேசையிலும் கமாண்டர்தான் நடக்கிறது. பாப்பர் என்று பேச்செடுத்தாலே, "அதை இப்போது யார் ஆடுகிறார்கள்?" என்கிறார்கள். ஏன் இப்படி? ஆடுவதற்கு ஆள் பிடிக்க வழி உண்டா?
– வாசகர், டொரோண்டோ

பதில்: வழி உண்டு, நண்பரே. அது உங்கள் 'ஏன்' என்ற கேள்விக்குள்ளேயே இருப்பதால் அதை முதலில் பார்த்துவிடுவோம்.

இந்த ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மேஜிக், கணிதவியலாளர் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கி 1993இல் அமெரிக்காவின் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் வெளியிட்டது. ஆடுகிறவர் தான் சேர்த்த கார்டுகளிலிருந்து தேர்ந்தெடுத்துக் கட்டும் அடுக்குதான் டெக். எந்தக் கார்டு செல்லும், எத்தனை பேர் ஆடலாம் என்று வரையறுக்கும் விதித்தொகுப்பு ஃபார்மட். கார்டுகள் அரியவை, நடுத்தரம், சாதாரணம் என்று தரம் பிரித்து அச்சாகின்றன. அவற்றில் ஒரு முறையாவது சாதாரணம், அதாவது 'காமன்' என்று வெளிவந்த கார்டு மட்டுமே பாப்பரில் செல்லும். டெக்கில் 60 கார்டு, ஆட இரண்டு பேர், ஆளுக்கு 20 உயிர்ப்புள்ளி.

மலிவான கார்டு என்றால் மட்டமான ஆட்டம், அதனால்தான் ஆளில்லை என்று பலரும் நினைக்கிறார்கள். இது தவறு. உங்கள் பர்ன் டெக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். எதிராளியின் உயிர்ப்புள்ளியை நேரடியாகச் சுட்டுக் குறைப்பது அதன் வேலை. அதில் நான்கு 'லைட்னிங் போல்ட்' இருக்குமே! 1993இல் முதல் பதிப்பிலேயே வந்த காமன் அது. ஒரே ஒரு சிவப்பு மானா, அதாவது மந்திர சக்தி, கொடுத்தால் மூன்று புள்ளியைப் பறிக்கும். விலை உயர்ந்த டெக்குகள் மோதும் லெகசி, மாடர்ன் ஃபார்மட்களிலும் இதே கார்டைத்தான் வைத்து ஆடுகிறார்கள். 'கவுன்டர்ஸ்பெல்', 'பிரெய்ன்ஸ்டார்ம்' என்ற வலிமையான கார்டுகள் இரண்டும் பாப்பரில் செல்லுபவையே. கார்டின் அரிதுத்தன்மை வேறு, வலிமை வேறு.

ஆட ஆளே இல்லை என்பதும் சரியல்ல. இத்தாலியில் நடக்கும் பாப்பர்கெடான் போட்டிக்கு நூற்றுக்கணக்கானோர் திரள்கிறார்கள். பிரேசிலிலும் இந்த ஃபார்மட்டுக்கு நல்ல செல்வாக்கு. ஆள் இருக்கிறார்கள், உங்கள் கடையில், உங்களுக்கு ஒழிந்த நேரத்தில் இல்லை, அவ்வளவுதான்.

அதற்குக் காரணம் ஃபார்மட்டின் அமைப்பு. கமாண்டரில் ஆளுக்கு 100 கார்டு. அடிப்படை நிலக் கார்டுகள் தவிர எதுவும் இரண்டு முறை வரக் கூடாது. தொடக்கத்தில் 40 உயிர்ப்புள்ளி. வழக்கமாக நான்கு பேர் ஆட்டம். மூன்று பேர் வந்தாலும் நடக்கும், ஐந்து பேரானாலும் சமாளிக்கலாம். 2011 முதல் நிறுவனமே கட்டித் தயாராக வைத்த கமாண்டர் டெக்குகளை விற்கிறது. வாங்கிப் பிரித்து அங்கேயே உட்காரலாம். பாப்பருக்கு அப்படியில்லை. உங்களிடம் டெக் இருந்தால் போதாது. எதிரே உட்காருகிறவரிடமும் பாப்பர் டெக் இருக்க வேண்டும், அதை அவர் அன்றைக்கு எடுத்து வந்திருக்கவும் வேண்டும். ஆளில்லை என்பதால் யாரும் டெக் கட்டுவதில்லை. டெக் இல்லை என்பதால் ஆளும் சேர்வதில்லை.

இன்னொரு பழைய சிக்கலும் உண்டு. மேஜிக் ஆன்லைன் என்ற கணினி வடிவத்தில் 2008இலேயே பாப்பர் அதிகாரபூர்வ ஃபார்மட் ஆகிவிட்டது. நேரில் ஆடுகிறவர்களுக்கோ 2019 ஜூன் வரை பொதுவான ஒரு விதி இல்லை. 'ஹிம் டு டூராக்' என்ற கார்டு 1994இல் காகிதத்தில் காமனாக வந்தது; கணினியில் காமனாக வரவில்லை. அது செல்லுமா என்பது ஊருக்கு ஊர் மாறியது. 2019இல் இரண்டையும் ஒன்றாக்கி அந்தக் கார்டைத் தடை செய்தார்கள். 2022 முதல் தடைப்பட்டியலைக் கவனிக்கத் தனிக் குழுவே இருக்கிறது. ஆகவே, 'எந்த விதிப்படி ஆடுவது?' என்று யாராவது தயங்கினால் அந்தத் தயக்கத்துக்கு இப்போது வேலையில்லை.

இனி வழிக்கு வருவோம். தெருவில் கிரிக்கெட் நடக்க ஒருவரிடம் மட்டை இருந்தால் போதும், எல்லாரிடமும் இருக்க வேண்டியதில்லை. நீங்களும் அதையே செய்யுங்கள்: எதிராளியின் டெக்கையும் நீங்களே கொண்டுபோங்கள். வேறு ஃபார்மட்களில் இது கைக்கு மீறிய செலவு. பாப்பரில் பல டெக்குகள் நூறு டாலருக்குள்ளேயே முடிந்துவிடும்.

இரண்டாவது டெக்காகப் பச்சை நிற உயிரினங்களை வரிசையாக இறக்கித் தாக்கும் டெக் ஒன்றைக் கட்டுங்கள். நீல நிற டெக் இப்போதைக்கு வேண்டாம். அதில் இருக்கும் கவுன்டர்ஸ்பெல் என்பது எதிராளி போடும் கார்டை மேசைக்கு வருமுன்பே ரத்து செய்வது. முதல் ஆட்டத்திலேயே தான் போட்டதெல்லாம் ரத்தாவதைப் பார்த்தவர் இரண்டாவது ஆட்டத்துக்கு வர மாட்டார். இரண்டு டெக்கிலும் எது நன்றாக ஓடுகிறதோ அதை அவருக்குக் கொடுங்கள். கார்டு உறைகள் ஒன்றுக்குச் சிவப்பு, மற்றதற்குப் பச்சை என்று இருக்கட்டும். ஆட்டம் முடிந்து அவசரமாக அள்ளும்போதும் கலக்காது. பெட்டிக்குள் கார்டுப் பட்டியலை ஒரு தாளில் எழுதி வையுங்கள், திரும்பி வந்ததும் சரிபார்க்க உதவும்.

யாரைக் கூப்பிடுவது? கமாண்டர் மேசையையே கவனியுங்கள். நான்கு பேர் ஆட்டத்தில் ஒருவர் முதலில் தோற்று வெளியேறுவார். மற்ற மூவரும் முடிக்க அரை மணியோ ஒரு மணியோ ஆகலாம். அதுவரை அவர் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருப்பார். உங்கள் எதிராளி அவர்தான். "டெக் என்னிடமே இருக்கிறது, பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், ஆடலாமா?" என்று கேளுங்கள். விதிகள் அவருக்குத் தெரிந்தவைதான். மறுப்பவர்கள் குறைவு.

கமாண்டரே இப்படி வளர்ந்ததுதான். அலாஸ்காவில் ஒரு சிறு நண்பர் வட்டம் ஆடிக்கொண்டிருந்த ஃபார்மட் அது. ஷெல்டன் மெனரி என்ற போட்டி நடுவர் அதை எடுத்துச் சென்றார். பெரிய போட்டிகளில் பகல் முழுக்க வேலை பார்த்த நடுவர்கள் இரவில் சேர்ந்து ஆட ஆரம்பித்தார்கள். ஊர் ஊராகப் பரவிய பிறகே நிறுவனம் அதற்கென்று டெக் விற்க வந்தது.

நான்கைந்து பேர் பழகிய பிறகு கடைக்காரரிடம் பேசுங்கள். போட்டி நடத்தச் சொல்லாதீர்கள், ஒரு மேசை கேளுங்கள். மலிவான கார்டுகளை ஆடும் கூட்டத்தால் அவருக்கு வருமானம் குறைவு; அந்தக் கவலை நியாயமானது. ஆளுக்குச் சிறு கட்டணம், அந்தப் பணத்துக்கு அவரிடமே கார்டு பாக்கெட் வாங்கிப் பரிசு என்றால் சம்மதிப்பார். மாதத்தின் முதல் வெள்ளி என்று ஒரே நாளாக வைத்துக்கொள்ளுங்கள். 'வசதிப்படும்போது' என்று வைத்தால் யாருக்கும் வசதிப்படாது. எட்டுப் பேர் சேர்ந்துவிட்டால் சுவிஸ் முறையில், அதாவது யாரையும் வெளியேற்றாமல் சமப் புள்ளிக்காரர்களை மோதவிடும் முறையில், மூன்றே சுற்றில் வெற்றியாளர் தெரிந்துவிடுவார்.

கடை கைகொடுக்கும்வரை இணையம் இருக்கிறது. ஸ்பெல்டேபிள் என்ற இலவசத் தளத்தில் கேமரா வழியே உங்கள் சொந்தக் கார்டுகளைக் கொண்டே ஆடலாம். கைப்பேசியை மேசைக்கு நேர் மேலே பொருத்துங்கள். விளக்கைப் பக்கவாட்டில் வையுங்கள், தலைக்கு மேலே இருந்தால் உறைகள் பளபளத்து எதிராளிக்குக் கார்டே தெரியாது. ஒவ்வொரு கார்டையும் போடும்போது பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். நள்ளிரவில் ஆட வேண்டுமென்றால் மேஜிக் ஆன்லைன். அங்கே லீக் என்பது ஐந்து ஆட்டத் தொகுப்பு, ஒன்றை இன்று ஆடி அடுத்ததை நாளை ஆடலாம். ஆனால் கணினிக் கார்டுகளைத் தனியாக வாங்க வேண்டும். புதிய செயலியான அரீனாவில் பாப்பருக்குத் தேவையான பழைய கார்டுகள் பல இல்லை என்பதால் அதற்குப் பணம் போட வேண்டாம்.

இவற்றில் எனக்கு நம்பிக்கை உள்ளது அந்த இரண்டாவது டெக்தான். இணையத்தில் உங்களுக்கு எதிராளி கிடைப்பார். உங்கள் ஊரில் பாப்பர் ஆடுகிறவர் ஒருவர்கூட அதனால் கூடப்போவதில்லை. முதலில் பச்சை டெக்கைக் கட்டுங்கள். இரவல் வாங்கி ஆடியவர்களில் ஒருவர் சொந்தமாக டெக் கட்டியதும் எனக்கு எழுதுங்கள். நீல டெக்கை எப்படிக் கட்டுவது என்று அப்போது சொல்கிறேன்.