போனஸை நம்பி ஈஎம்ஐ போடலாமா? ஒரு டென்னிஸ் சாம்பியன் சொல்லித்தரும் கணக்கு

போன வீடியோவுக்குக் கீழே ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணா, இந்த வருஷம் நல்ல போனஸ் வரப்போகுது. அதை வெச்சு கார் லோன் போடலாமா?" ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் காரணம் புரியாமல் பதில் மட்டும் தெரிந்தால் அடுத்த வருஷம் அதே கேள்வி வேறு ரூபத்தில் வரும். அதனால் இன்றைக்கு நியூயார்க் வரை போய்விட்டு வருவோம்.

2021 யுஎஸ் ஓப்பன், பெண்கள் ஒற்றையர் பிரிவு. பிரிட்டனைச் சேர்ந்த எம்மா ரடுகானுவுக்கு அப்போது 18 வயது, உலகத் தரவரிசையில் 150வது இடம். நேரடி இடம் இல்லை, தகுதிச்சுற்று ஆடித்தான் உள்ளே வரவேண்டும். தகுதிச்சுற்று முடியும் தேதிக்கே ஊர் திரும்ப டிக்கெட் போட்டு வைத்திருந்தார். ஆனால் நடந்தது வேற. தகுதிச்சுற்றில் 3, பிரதான சுற்றில் 7 என்று 10 போட்டிகள். ஒரு செட்டைக்கூட இழக்கவில்லை. இறுதியில் கனடாவின் லெய்லா ஃபெர்னாண்டஸை 6-4, 6-3 என்று வென்றார். தகுதிச்சுற்றிலிருந்து வந்து கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டம் வென்ற முதல் ஆள் அவர்தான். ஆண்களிலும் அதுவரை யாரும் கிடையாது.

இப்போது அந்த வருஷத்துப் பரிசுப் பட்டியலைப் பாருங்க. எல்லாம் டாலரில்:

முதல் சுற்றில் தோற்றால் 75,000
இரண்டாம் சுற்று 1,15,000
மூன்றாம் சுற்று 1,80,000
நான்காம் சுற்று 2,65,000
காலிறுதி 4,25,000
அரையிறுதி 6,75,000
இறுதியில் தோற்றவர் 12,50,000
சாம்பியன் 25,00,000

128 பேர் ஆடுகிறார்கள். முதல் சுற்றிலேயே 64 பேர் வெளியே. உள்ளே நுழைந்த எல்லாருக்கும் உறுதியான தொகை 75,000 மட்டும்தான். சாம்பியனுக்கு அதைப்போல் 33 மடங்கு. அதுவரை ரடுகானு டென்னிஸில் சம்பாதித்த மொத்தப் பரிசுப் பணமே சுமார் 3 லட்சம் டாலர். இரண்டே வாரத்தில் 25 லட்சம்!

இதில் நமக்கு மூன்று பாடம் இருக்கிறது.

பாடம் 1: உறுதியான வருமானத்தை வைத்தே திட்டமிடுங்கள்

அந்த ரிட்டர்ன் டிக்கெட்டை யோசிச்சுப் பாருங்க. அது தன்னம்பிக்கைக் குறைவு இல்லை, கணக்கு. கையில் உறுதியாக இருப்பது தகுதிச்சுற்று மட்டும்; அதற்கு மட்டும் செலவைத் திட்டமிட்டார்கள். அதிகமாக ஜெயித்தால் டிக்கெட்டை மாற்றிக்கொள்ளலாம். நம்ம கணக்கில் மாதச் சம்பளம்தான் அந்த 75,000. போனஸ், இன்சென்டிவ், வேரியபிள் பே எல்லாம் அதற்கு மேலே உள்ள சுற்றுகள். சிடிசி கடிதத்தில் எல்லாம் ஒரே பக்கத்தில் அச்சாகியிருப்பதால் எல்லாம் ஒரே மாதிரிப் பணம் என்று நினைத்துவிடுகிறோம்.

பாடம் 2: பரிசுத் தொகை வேறு, கையில் வருவது வேறு

அமெரிக்காவில் வெளிநாட்டு வீரர்களின் பரிசுப் பணத்தில் பொதுவாக 30% வரி பிடிப்பார்கள். 25 லட்சம் டாலருக்கு அந்தக் கணக்கு 7.5 லட்சம். அப்புறம் பயிற்சியாளர், ஃபிசியோ, விமானம் எல்லாம் பெரும்பாலும் ஆடுபவர் பொறுப்பு. பேப்பரில் வருவது 25 லட்சம். வங்கிக் கணக்கில் நிற்பது வேறு.

நமக்கும் அப்படித்தான். ஒரு உதாரணம் போடுவோம். 2025-26 நிதியாண்டு, புதிய வரி முறை. உங்கள் ஆண்டுச் சம்பளம் 12 லட்சம். நிலையான கழிவு 75,000 போனால் 11.25 லட்சம். தள்ளுபடியால் வரி பூஜ்யம். இப்போது 2 லட்சம் போனஸ் வருகிறது. மொத்தம் 14 லட்சம், கழிவு போக 13.25 லட்சம். 12 லட்சத்தைத் தாண்டியதால் தள்ளுபடி கிடையாது. வரி 78,750, அதன் மேல் 4% செஸ் 3,150, ஆக மொத்தம் 81,900 ரூபாய். அதாவது 2 லட்சம் போனஸில் உங்களுக்கு மிஞ்சுவது 1,18,100தான்! "போனஸ் வந்த மாசம் ஏன் சார் இவ்வளவு டிடிஎஸ்?" என்று ஹெச்ஆரிடம் சண்டை போடுவதற்கு முன்னால் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

பாடம் 3: போன வருஷத்துப் புள்ளிகள் இந்த வருஷம் செல்லாது

பெண்கள் டென்னிஸ் தரவரிசையில் ஒரு போட்டியில் எடுத்த புள்ளிகள் 52 வாரம்தான் கணக்கில் நிற்கும். அடுத்த வருஷம் அதே போட்டியில் மறுபடி ஜெயித்தால்தான் இடம் தங்கும். 2022 யுஎஸ் ஓப்பனில் ரடுகானு முதல் சுற்றிலேயே அலிஸே கார்னேயிடம் தோற்றார். 11வது இடத்திலிருந்து நேராக 83வது இடம். 2023இல் இரண்டு கைகளிலும் ஒரு கணுக்காலிலும் அறுவை சிகிச்சை. அந்த சீசனின் மீதி முழுக்க ஆட முடியவில்லை. திறமை எங்கும் போகவில்லை. சிறந்த வருஷம் தினமும் வராது, அவ்வளவுதான்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சிஏ முடித்து மூன்றாவது வருஷம், வரி போகக் கையில் 1,80,000 போனஸ் வந்தது. மாதத்துக்கு 15,000 என்று வகுத்தேன். 7 லட்சம் கார் லோன், 5 வருஷம், ஈஎம்ஐ 14,700. சரியாகப் பொருந்துகிறதே என்று சந்தோஷம்! அடுத்த வருஷம் வந்த போனஸ் 45,000. வருஷ ஈஎம்ஐ 1,76,400. துண்டு விழுந்தது 1,31,400. எஸ்ஐபியை நிறுத்தினேன், அப்படியும் போதவில்லை. கடைசியில் அப்பா தன் எஃப்டியை உடைத்துக் கொடுத்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊருக்கெல்லாம் கணக்குப் பார்க்கிற பையனாச்சே! அவர் திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

அன்றிலிருந்து நான் வைத்திருக்கும் வழக்கம் இது:

1. வாடகை, ஈஎம்ஐ, காப்பீடு போன்ற நிலையான செலவு எல்லாம் மாதச் சம்பளத்துக்குள் அடங்க வேண்டும். போனஸ் பூஜ்யம் என்று எழுதிப் பாருங்கள். பட்ஜெட் நின்றால் லோன் போடலாம்.
2. போனஸ் வங்கிக் கணக்கில் விழும்வரை அதைச் செலவழிக்காதீர்கள், மனசுக்குள்ளும் சேர்த்து.
3. வந்ததும் முதலில் கிரெடிட் கார்டு பாக்கி. அப்புறம் 6 மாதச் செலவுக்கான அவசரகால நிதி. அதன் பிறகே முதலீடு, முன்பணம்.
4. ஒரு 10 சதவீதத்தை உங்களுக்காகச் செலவு பண்ணுங்கள். குற்ற உணர்ச்சியே வேண்டாம்.

நாலாவது விஷயத்துக்கும் ரடுகானுதான் சாட்சி. தகுதிச்சுற்றின் முதல் போட்டிக்குக் கொஞ்சம் முன்னால் அவருடைய ஏர்பாட்ஸ் தொலைந்துவிட்டது. "இந்த மேட்சை ஜெயித்தால் புதுசு வாங்கிக்கலாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாராம். முதலில் ஜெயிப்பு, பிறகு செலவு. வரிசையைக் கவனித்தீர்களா?

தம்பிக்கு என் பதில்: காரை வாங்குங்க, தப்பே இல்லை. ஆனால் ஈஎம்ஐ உங்கள் சம்பளத்திலிருந்து போகட்டும். போனஸ் முன்பணத்துக்குப் போகட்டும், லோன் தொகை குறையும். இன்றைக்கு ராத்திரி ஒரு பேப்பரில் போனஸ் இல்லாத உங்கள் பட்ஜெட்டை எழுதிப் பாருங்கள். எத்தனை ரூபாய் மிஞ்சுகிறது என்று கமெண்ட்டில் சொல்லுங்கள். துண்டு விழுந்தால் அதையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள்; அடுத்த வீடியோவில் அதையே கணக்காகப் போட்டுப் பார்ப்போம்.