போர்டு போச்சு என்று சொல்வதற்கு முன்

சின்ன ரிமோட் கார்களை வேகத்துக்காக மாற்றியமைக்கிறவர்களிடம் ஒரு தீர்ப்பு எப்போதும் தயாராக இருக்கிறது: “போர்டு போச்சு.” காரில் புது மோட்டார் போட்டிருப்பார்கள். மெதுவாக ஓட்டினால் ஒழுங்காகப் போகும். விசையை முழுதாக அழுத்தியதும் துள்ளும், நிற்கும், விளக்கு அணைந்து எரியும், மறுபடி ஓடும். அவ்வளவுதான், நல்ல போர்டு ஒன்று குப்பைக்குப் போய்விடும்.

ஜப்பானின் கியோஷோ நிறுவனம் 1999-இல் கொண்டுவந்த மினி-இசட் வகைக் கார்களை வைத்து இதைப் பேசுகிறேன். 1/28 அளவு, நான்கு ஏஏஏ செல், பிரஷ் வைத்த குட்டி மோட்டார். ரிசீவர், வேகத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி, ஸ்டியரிங்கைத் திருப்பும் சர்வோவை இயக்கும் பகுதி எல்லாம் பெரும்பாலும் ஒரே போர்டில் இருக்கின்றன. அதனால் எங்கே கோளாறு வந்தாலும் பழி போர்டின் மேல்தான் விழுகிறது.

மேலே சொன்ன அறிகுறிக்குப் பெரும்பாலும் காரணம் வேறு. வீட்டில் தண்ணீர் மோட்டார் போடும்போது விளக்கு ஒரு நொடி மங்குகிறதல்லவா, அதுதான் இங்கேயும் நடக்கிறது. வேக மோட்டாரின் சுற்றுகளில் மின்தடை குறைவு. நின்ற நிலையிலிருந்து கிளம்பும் அந்தக் கணத்தில் அது பல ஆம்பியர் இழுக்கும். செல் வோல்ட்டேஜ் சரியும். போர்டில் இருக்கும் சிறு கணினிச் சில்லுக்கு வேண்டிய வோல்ட்டேஜ் கிடைக்காமல் அது ரீசெட் ஆகும். ரீசெட் ஆனதும் மோட்டார் நிற்கும், சுமை நீங்கியதும் வோல்ட்டேஜ் மீளும், கார் மறுபடி ஓடும். எரிந்துபோன போர்டு இப்படி விட்டுவிட்டு உயிர் பெறாது. நின்று நின்று ஓடுகிறது என்பதே போர்டு நன்றாக இருக்கிறது என்பதற்கு வலுவான அடையாளம்.

இதோடு ஒட்டிய இன்னொரு நம்பிக்கை, 1.5 வோல்ட் அல்கலைன் செல்தான் வேகம் தரும், 1.2 வோல்ட் ரீசார்ஜபிள் செல் மந்தம் என்பது. உறையில் அச்சிட்ட எண்ணைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் புது ஏஏஏ அல்கலைன் செல்லுக்குள்ளேயே ஏறக்குறைய 0.15 முதல் 0.3 ஓம் வரை மின்தடை இருக்கிறது. நல்ல நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்லில் அது 0.04 ஓம் அளவில் நின்றுவிடும். 3 ஆம்பியர் இழுக்கும் மோட்டாரை வைத்துக் கணக்குப் போடுங்கள். அல்கலைன் செல் ஒன்றுக்கு 0.2 ஓம் என்றால் நான்குக்கும் 0.8 ஓம், உள்ளேயே 2.4 வோல்ட் தொலைகிறது. 6 வோல்ட்டில் மோட்டாருக்கு மிஞ்சுவது 3.6. ரீசார்ஜபிள் செல் நான்குக்கும் சேர்த்து 0.16 ஓம், இழப்பு அரை வோல்ட்டுக்கும் குறைவு, மிஞ்சுவது 4.3. எண்ணில் சிறியது ஓட்டத்தில் ஜெயிக்கிறது. வேக மோட்டார் போட்ட காரில் அல்கலைன் செல் வைப்பது கோளாறை நாமே வரவழைப்பதுதான்.

செல்லை மாற்றியும் தீரவில்லை என்றால் அடுத்து இணைப்புகள். இங்கே மல்டிமீட்டர் நம்மை ஏமாற்றுகிறது. “எல்லா இணைப்பும் பார்த்துவிட்டேன், பீப் வருகிறது” என்பார்கள். பெரும்பாலான மீட்டர்களில் மின்தடை சில பத்து ஓமுக்குள் இருந்தாலே பீப் அடிக்கும். நமக்குத் தொல்லை தருவதோ அரை ஓம். 0.5 ஓம் உள்ள, சரியாக ஒட்டாத டிரை சால்டர் ஒன்று 3 ஆம்பியரில் 1.5 வோல்ட்டைத் தின்றுவிடும். மீட்டர் அதற்கும் சந்தோஷமாக பீப் அடிக்கும்.

செய்ய வேண்டியது வேறு. மீட்டரை டிசி வோல்ட்டில், குறைந்த அளவில் வையுங்கள். ஒரு முனையைச் செல்லின் பாசிட்டிவ் குமிழிலேயே வைத்து, மறுமுனையைப் போர்டில் அந்த வழி போய்ச் சேரும் இடத்தில் வையுங்கள். ஒருவர் விசையை அழுத்த, இன்னொருவர் டயரை விரலால் லேசாகப் பிடித்து ஒரு நொடி சுமை கொடுக்க வேண்டும். நல்ல பாதையில் 0.05 வோல்ட்டைச் சுற்றியே காட்டும். 0.3, 0.5 என்று காட்டினால் குற்றவாளி அந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில் இருக்கிறது. முனையை ஒவ்வொரு இணைப்பாக நகர்த்திக்கொண்டே வந்தால் இடம் தெரிந்துவிடும். பலமுறை அது செல் உட்காரும் ஸ்பிரிங் தகடுதான். அல்கலைன் கசிந்து பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கும். அல்லது அடிக்கடி கழற்றி மாட்டி ஸ்பிரிங் இளகியிருக்கும். சுரண்டித் துடைத்து, ஸ்பிரிங்கைச் சற்று நிமிர்த்தி, மெல்லிய வயரை மாற்றித் தடித்த சிலிகோன் வயர் போட்டுச் சால்டர் செய்தால் காரின் குணமே மாறும். இந்த ஒரு சோதனையைக் கற்றுக்கொண்டவர் பாதி பழுதுகளைத் தாமே தீர்த்துவிடுவார் என்பது என் திடமான எண்ணம்.

சுமை எப்போதும் மின்சாரத்தால் வருவதல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அச்சில் சுற்றிய தலைமுடி, இறுக்கமாக உட்கார்ந்த பல்சக்கரம், மோட்டார் தண்டில் மாட்டிய பெரிய பினியன், எதுவானாலும் மோட்டார் கூடுதல் ஆம்பியர் கேட்கும். 6 பல் பினியனில் குளிர்ந்து ஓடிய அதே மோட்டார் 9 பல்லில் கொதிக்கும்.

அடுத்து, ஃபெட் அடுக்குவது பற்றி. மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்து மூடுவது போர்டில் உள்ள ஃபெட்கள். நான்கு கதவுகள், முன்னே போக எதிரெதிர் மூலையில் உள்ள இரண்டு திறக்கும், பின்னே வர மற்ற இரண்டு. இவற்றின் முதுகில் அதே வகை ஐசிகளை ஏற்றிச் சால்டர் செய்வது மினி-இசட் ஓட்டுபவர்களிடையே பழைய வழக்கம், நல்ல வழக்கமும்கூட. 0.03 ஓம் ஃபெட் வழியே 5 ஆம்பியர் போனால் முக்கால் வாட் வெப்பம். இரண்டாக அடுக்கினால் ஆளுக்கு 2.5 ஆம்பியர், ஒவ்வொன்றிலும் வெப்பம் நாலில் ஒரு பங்கு. சூடாகும் ஃபெட்டின் மின்தடை கூடுவதால் ஓட்டம் தானாகவே மற்றதன் பக்கம் சாய்ந்து சமமாகும்.

தவறு எங்கே என்றால், அடுக்க அடுக்க நல்லது என்று நினைப்பதில். இரண்டாவது ஃபெட் மிச்சப்படுத்தியது 0.375 வாட். மூன்றாவது 0.125. நான்காவது அதிலும் பாதி. ஒவ்வொரு ஃபெட்டும் அதன் கதவைத் திறக்கும் சில்லுக்குப் புதுச் சுமை. திறப்பு மந்தமானால் பாதி திறந்த நிலையிலேயே கதவு அதிக நேரம் நின்று புது வெப்பத்தை உண்டாக்கும். மேலும், செல் சரிவால் கார் நிற்கிறது என்றால் பத்து ஃபெட் அடுக்கினாலும் நிற்கத்தான் செய்யும்.

ஃபெட் உண்மையிலேயே செத்திருந்தால் அறிகுறி தெளிவாக இருக்கும்: முன்னே ஓடும், பின்னே வராது, அல்லது சுவிட்ச் போட்டதும் தொட முடியாத சூடு. செல்லை எடுத்துவிட்டு, மோட்டாரையும் கழற்றிவிட்டு அளக்க வேண்டும். மோட்டாரை விட்டுவைத்தால் ஒரு ஃபெட்டின் ஷார்ட் அதன் வழியாகப் பக்கத்து ஃபெட்டிலும் தெரிந்து நல்லதைப் பிடுங்க வைக்கும்.

ஆபத்தான நம்பிக்கை ஒன்று உண்டு. மோட்டாரின் இரண்டு முனைகளுக்குக் குறுக்கே ஷாட்கி டயோடு போட்டால் போர்டு பிழைக்கும் என்பது. முன்னே மட்டும் ஓடும் கார்களுக்கு அது சரி. பின்னேயும் வரும் காரில் ரிவர்ஸ் அழுத்திய கணமே டயோடு நேர்த்திசையில் திறந்து முழு ஷார்ட் ஆகும். காப்பாற்ற வைத்ததே போர்டைக் கொல்லும். இந்தக் கார்களின் ஃபெட்களுக்குள்ளேயே அந்த வேலைக்கு டயோடு இருக்கிறது. வெளியே யாராவது டயோடு போட்டுக் கொடுத்திருந்தால் இன்றே பிடுங்கிவிடுங்கள்.

ஸ்டியரிங் துடித்தால் ரிமோட் சிக்னல் மோசம் என்பார்கள். முதலில் மோட்டார் வயரைக் கழற்றிவிட்டு ஸ்டியரிங்கைத் திருப்பிப் பாருங்கள். அப்போதும் துடித்தால் பெரும்பாலும் சர்வோவின் நிலையைச் சொல்லும் பொட்டன்ஷியோமீட்டரில் அழுக்கு. துடிப்பு நின்றுவிட்டால் காரணம் மோட்டார். பிரஷ்ஷில் தெறிக்கும் பொறிகள் இரைச்சலாக வயர் வழியே போர்டுக்குள் ஏறுகின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட்டுக்கு மாறியவர்கள் இந்தக் கவலை ஒழிந்தது என்று நினைக்கிறார்கள்; காற்றில் வருவது குறைந்தது, வயரில் வருவது குறையவில்லை. மாற்றிப் போடும் மோட்டார்கள் பல, இந்த இரைச்சலை அடக்கும் கெப்பாசிட்டர் இல்லாமலே வருகின்றன. கடையில் 104 செராமிக் என்று கேட்டால் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். இரண்டு முனைகளுக்கும் நடுவில் ஒன்று, ஒவ்வொரு முனையிலிருந்தும் மோட்டார் உடலுக்கு ஒவ்வொன்று. கால்களைக் குட்டையாக வெட்டிப் போடுங்கள்.

கடைசியாக, லித்தியம் பாலிமர். இரண்டு செல் பேட்டரி 7.4 வோல்ட் என்று எழுதியிருந்தாலும் முழுச் சார்ஜில் 8.4 வோல்ட். அதற்கென்றே செய்த 1/28 கார்கள் இருக்கின்றன. ஏஏஏ செல்லுக்காகச் செய்த போர்டு அந்த ரகமல்ல. அதற்கு லித்தியம் செல் எப்போது தீரும் என்பதும் தெரியாது. செல் ஒன்று 3 வோல்ட்டுக்குக் கீழே போனாலும் ஓட்டிக்கொண்டே இருக்கும். அப்படிக் காய்ந்த செல் புடைக்கும். மறுபடி சார்ஜ் ஏற்றினால் தீப்பிடிக்கவும் கூடும். புடைத்த செல்லைக் குத்தவோ அமுக்கவோ வேண்டாம், பிள்ளைகள் கைக்கு எட்டும் இடத்தில் வைக்க வேண்டாம், வீட்டுக் குப்பையில் போட வேண்டாம். மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.