நொடிகளின் ஆற்றல்

நுழையும்முன்
கால்பந்தாட்டத்தின் வெற்றியைச் சில நொடிகளே முடிவு செய்வதுண்டு. அந்நொடிகளுக்குரிய ஆற்றலைத் தசை எவ்வாறு பெறுகிறது? கடைகளில் விற்கும் கிரியாட்டின் பொடி அவ்வாற்றலைப் பெருக்குமா? இவ்வினாக்களுக்கு அறிவியல் தரும் விடையை இப்பாடம் விளக்குகிறது.

தசையின் சேமிப்பு
90 நிமிட ஆட்டத்தில் வீரர் ஒருவர் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவைக் கடக்கிறார். அதில் பெரும்பகுதி நடையும் மென்னோட்டமுமே. எனினும், பந்தை நோக்கிப் பாய்வதும் தலையால் முட்ட எழும்புவதும் நொடிப்பொழுதில் நிகழ்பவை. அவற்றுக்கான ஆற்றலை ஏ.டி.பி. என்னும் மூலக்கூறு தருகிறது. தசையிலுள்ள அதன் இருப்பு ஓரிரு நொடிகளுக்கே போதும். அது குறையும்போது பாஸ்போகிரியாட்டின் தன் பாஸ்பேட்டை ஈந்து, ஏ.டி.பி.யை மீண்டும் உருவாக்குகிறது. கடும் முயற்சியில் இவ்வுதவியும் 10 நொடி அளவில் தளரும். ஓய்வில் மீண்டும் நிரம்பும்.

உடல் ஆக்கும் பொருள்
1832ஆம் ஆண்டு பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல் இறைச்சிச் சாற்றிலிருந்து கிரியாட்டினைப் பிரித்தெடுத்தார். சிறுநீரகமும் கல்லீரலும் நாள்தோறும் ஏறத்தாழ 1 கிராம் கிரியாட்டினை ஆக்குகின்றன. மீனும் இறைச்சியும் எஞ்சிய தேவையை நிறைவு செய்கின்றன. ஆதலால், மரக்கறி மட்டும் உண்போரின் தசைகளில் இதன் இருப்பு சற்றுக் குறைவு.

பயனும் எல்லையும்
நாளொன்றுக்கு 3 முதல் 5 கிராம் வரை உட்கொள்ளும் வயதுவந்தோரின் தசைச் சேமிப்பு சில வாரங்களில் உயர்கிறது. மீண்டும் மீண்டும் விரைந்தோடும் திறன் சிறிதளவு கூடலாம். நெடுநேர ஓட்டத்திற்கு அதனால் பெரும்பயன் இல்லை. தசை நீரைத் தேக்குவதால் உடல் எடையும் கூடலாம். சிறுநீரக நோயுள்ளோர் இதனைத் தவிர்த்தல் வேண்டும். ஆய்வுகளில் பெரும்பாலானவை வயதுவந்தோரிடம் நிகழ்ந்தவை. எனவே, வளரிளம் பருவத்தினர் மருத்துவரின் அறிவுரையின்றி உட்கொள்ளுதல் தகாது.

தெரிந்து தெளிவோம்
உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப்பட்டியலில் கிரியாட்டின் இல்லை. ஆயினும், உறையில் குறிப்பிடப்படாத தடைப்பொருள்கள் சில ஊட்டப்பொடிகளில் கலந்திருப்பது கண்டறியப்பட்டுள்ளது. அறியாமல் உட்கொண்டாலும், தம் உடலில் காணப்படும் பொருளுக்கு வீரரே பொறுப்பாவார். பல்லாண்டு உழைப்பு ஒரு கரண்டிப் பொடியால் வீணாகலாம்.

சரிவிகித உணவு, போதிய உறக்கம், முறையான பயிற்சி ஆகியவையே ஆற்றலின் அடித்தளம். பந்தைக் கடத்தும் நுட்பத்தையும் ஆட்டத்தைக் கணிக்கும் அறிவையும் எப்பொடியும் தருவதில்லை.

சிந்தனை வினா
தடைசெய்யப்படாத பொருள் அனைத்தும் உட்கொள்ளத் தக்கதாகுமா? பாடப்பகுதி கொண்டு நிறுவுக.