ஏற்றத்துக்கு ஒரு பல்சக்கரம்

அன்புள்ள மாணவிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. "ரோடு பைக் வேகத்துக்கு, டூரிங் பைக் சுமைக்கு, ரெண்டும் வேணும்னா ரெண்டு சைக்கிள் வாங்கணும்னு கடையில சொல்றாங்க சார்" என்று எழுதியிருந்தாய். இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். ஞாயிற்றுக்கிழமை காலையில் தோழிகளோடு விரட்டி ஓட்டுகிற அதே சைக்கிளில், பொங்கல் விடுமுறைக்குப் பை கட்டிக்கொண்டு மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்குத் தாராளமாக ஏறலாம். வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டுமோ அதைப் பார்த்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் எல்லோரும் சைக்கிளை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்ன லேசா இருக்கு!" என்று சொல்லிப் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள்.

எடைக் கணக்கைப் போட்டுப் பார். நீ 55 கிலோ, பைகள் 12 கிலோ என்று வை. சைக்கிள் 8 கிலோவானால் மொத்தம் 75, 10.5 கிலோவானால் 77.5. மூன்று மணி நேர ஏற்றத்தில் ஏறக்குறைய 6 நிமிடம் தாமதமாகும். வழியில் ஒரு டீ குடிக்க அதைவிட அதிக நேரம் ஆகும்.

கியர் விஷயம் அப்படியல்ல. நீ அனுப்பிய படத்தில் இருக்கும் சைக்கிளில் முன்னால் சின்னப் பல்சக்கரம் 36 பல், பின்னால் பெரியது 28 பல். பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி சுமார் 2.7 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 10 கிலோமீட்டரைத் தொடுவாய். 7 சதவீத ஏற்றத்தில் சுமையோடு அந்த வேகத்தில் போக, சாய்வுக்கு மட்டும் 140 வாட்டுக்கு மேல் வேண்டும். நீ பந்தய வீராங்கனை இல்லையே. அந்தச் சக்தியை மணிக்கணக்கில் கொடுக்க முடியாமல் மிதியைக் குறைப்பாய். மிதி மெதுவானாலும் கனமான கியரில் முட்டியின் அழுத்தம் குறையாது. முன்னால் 34, பின்னால் 34 என்றால் சுற்றுக்கு 2.1 மீட்டர்தான். அதே 60 சுற்றுக்கு 110 வாட் போதும். முன்னால் 30 கிடைத்தால் இன்னும் நல்லது. ஏற்றத்தில் பேசிக்கொண்டே போகலாம்.

குறைந்த கியர் பலவீனர்களுக்கு என்று உன் தோழி சொன்னாளாம். இது நூறு வருடத்துக்கும் மேலான வறட்டு கௌரவம். சைக்கிள் வரலாறு எதைப் படிக்க எடுத்தாலும் நான் கடைசியில் பிரான்சின் சேந்த்-எத்தியென் நகரத்தில் போய் நின்றுவிடுவேன். போல் தெ விவி என்ற பட்டு வியாபாரி அங்கே 1887-இல் சைக்கிள் கடை திறந்து, பத்திரிகையும் தொடங்கி, வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதினார். ஊருக்கு வெளியே 1,161 மீட்டர் உயரத்தில் ரெபுப்ளிக் கணவாய் இருக்கிறது. அந்த ஏற்றங்களில் சளைக்காமல் ஏற அவர் முன்னால் இரண்டு பல்சக்கரம் வைத்தார். இறங்கி, செயினைக் கையாலேயே மாற்றிப் போட்டுக்கொண்டு மறுபடி ஏறினார். பிறகு பல கியர்களுக்காக வாழ்நாள் முழுக்க எழுதினார், எழுதியதை ஓட்டியும் காட்டினார். எதிர்ப்பக்கத்தில் நின்றவர் தூர் த பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை நடத்திய ஆன்ரி தெக்ரான்ஜ். பல கியர் நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்குத்தான் என்பது அவர் கருத்து. 1903-இல் நடந்த முதல் பந்தயம் அதே கணவாயைக் கடந்துதான் போனது. பிந்தைய வருடங்களில்கூட, மலையடிவாரம் வந்ததும் வீரர்கள் இறங்கி, இரு பக்கமும் பல்சக்கரம் வைத்த பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டினார்கள். ஓடும்போதே கியர் மாற்றும் டீரெய்லருக்கு 1937-இல்தான் அங்கே கதவு திறந்தது. வெலோசியோ 1930-இலேயே இறந்துவிட்டார். ஐரோப்பாவின் மிக வலுவான கால்களை முப்பது வருடத்துக்கு மேல் வீணாகச் சிரமப்படுத்தியது இந்த வறட்டு கௌரவம்தான். உன் முட்டியையும் அதற்குக் கொடுக்காதே.

அகலமான டயருக்கும் வெலோசியோ பரிந்து எழுதினார். ஒல்லியான டயரில் காற்றைக் கல்லாக அடித்தால்தான் வேகம் என்று நம்முடைய கடைகளில் இன்னும் சொல்கிறார்கள். மேடுபள்ளச் சாலையில் அந்தக் கடினம் உன் உடம்பைக் குலுக்குகிறது. குலுங்குவதில் போகிற சக்தி உன் காலிலிருந்து வந்ததுதான். இன்று பந்தய வீரர்களே 28 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டார்கள். உனக்கு 32 வேண்டும். டயரின் பக்கவாட்டில் 32-622 என்பதுபோல எண் இருக்கும்: முதலாவது அகலம், அடுத்தது ரிம்மில் டயர் உட்காரும் விட்டம். டயரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், ஃபிரேமில் இடம் இல்லையென்றால் ஒன்றும் செய்ய முடியாது. குனிந்து, பின்டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே விரலை விட்டுப் பார். 32 போட்ட பிறகும் இரு பக்கமும் நாலைந்து மில்லிமீட்டர் மிஞ்ச வேண்டும். பழைய வகைக் கவ்வு பிரேக் பலவற்றில் 28-க்கு மேல் நுழையாது. டிஸ்க் பிரேக்கில் அந்தத் தொல்லை இல்லை.

அடுத்து, பெடல் கைகள் சுழலும் அச்சின் நடுவிலிருந்து பின்சக்கர அச்சின் நடு வரை டேப்பால் அளந்து பார். பந்தய சைக்கிளில் 41 சென்டிமீட்டரை ஒட்டி இருக்கும். பயண சைக்கிளில் 43, 45 என்று போகும். இது குட்டையாக இருந்தால் பக்கப் பைகளில் ஒவ்வொரு மிதிக்கும் குதிகால் இடிக்கும். 42-தான் கிடைக்கிறது என்றாலும் விட்டுவிடாதே. சின்னப் பைகளைக் கேரியரில் பின்னுக்குத் தள்ளி மாட்டு, மீதிச் சாமானைச் சீட்டுக்கு அடியிலும் ஃபிரேமுக்குள்ளும் கட்டு. கேரியர் மாட்டத் திருகு துளைகள் இருக்க வேண்டும். துளையில்லாத கார்பன் ஃபிரேமில் கிளாம்ப் போட்டு இறுக்குகிறேன் என்று யாராவது சொன்னால் கையெடுத்துக் கும்பிட்டு வெளியே வந்துவிடு. பின்சக்கரத்தில் ஸ்போக்ஸ் எண்ணு, 32 இருந்தால் நிம்மதி.

பின்னால் இருக்கும் பல்சக்கர அடுக்கை (கேசட்) 34 பல் உள்ளதாக மாற்றச் சொன்னால், டீரெய்லர் தாங்காது என்பார்கள். கை குட்டையான டீரெய்லருக்கு அது உண்மைதான். அதனால் நீளக் கை டீரெய்லரையும் செயினையும் சேர்த்தே, பணம் கட்டும் முன்பே மாற்றித் தரச் சொல். வாங்கின பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கடைக்காரர் சொன்னால் அங்கே வாங்காதே, வேறு கடைக்குப் போ.

அன்புடன்,
உன் ஆசிரியர்