கட்டாயமும் நம்பிக்கையும்

நுழையும்முன்

தடுப்பூசி ஒருவர் உடலில் செலுத்தப்படுகிறது. அதன் பயன் ஊர் முழுவதையும் காக்கிறது. தனிமனித உரிமையும் பொதுநலமும் சந்திக்கும் இவ்விடத்தில் அரசு கட்டாயப்படுத்தலாமா? இவ்வினாவை ஆராய்கிறது இக்கட்டுரை.

அம்மையும் சட்டமும்

சேலம், நாமக்கல் சமவெளியில் மாரியம்மன் கோயில் இல்லாத ஊரைக் காண்பது அரிது. பெரியம்மையை அன்னையின் வருகையாகக் கருதிய முன்னோர், வேப்பிலை கட்டி நோயாளியைப் பேணினர். 1796இல் எட்வர்டு ஜென்னர் கண்டறிந்த தடுப்புமுறை, 1802இல் இந்தியாவுக்கு வந்தது. மக்கள் அதனை 'அம்மை குத்துதல்' என்றனர். 1880ஆம் ஆண்டின் தடுப்பூசிச் சட்டம், குறிப்பிட்ட நகராட்சிகளில் குழந்தைகளுக்கு அதனைக் கட்டாயமாக்க வழிசெய்தது. அயலார் ஆட்சியின் ஆணை மக்களிடையே அச்சத்தையும் ஐயத்தையும் விளைவித்தது.

இத்தகைய எதிர்ப்பு நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் 1853இல் கட்டாயமாக்கப்பட்ட அம்மைத் தடுப்பு, மக்கள் எதிர்ப்பால் 1898இல் தளர்த்தப்பட்டது. மனச்சான்றின்படி மறுத்த பெற்றோருக்கு விலக்கு அளிக்கப்பட்டது. எனவே, மறுப்பை அறியாமை என்று ஒதுக்கிவிட இயலாது. எனினும், தடுப்பூசியின் பயனும் மறுக்க இயலாதது. 1980இல் பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

காணாத நோய்

நாமக்கல் கோழிப்பண்ணையாளர்கள், வெள்ளைக்கழிச்சல் எனப்படும் இராணிக்கெட் நோய்க்குத் தடுப்பு மருந்து அளிப்பதில் கருத்தாக உள்ளனர். ஒரு கொட்டகையே காலியாகும் இழப்பை அவர்கள் அறிவர். மனிதர் நோய்களிலோ நிலை வேறு. தடுப்பூசி வென்றதனாலேயே நோய் கண்ணிலிருந்து மறைந்தது. நோயைக் காணாத தலைமுறைக்கு ஊசியின் வலியும் காய்ச்சலுமே தெரிகின்றன.

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரையிலான குழந்தைகளுக்குத் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடைபெற்றது. கருவுற்ற தாயைத் தாக்கும் ரூபெல்லா, குழந்தையின் கண், செவி, இதயம் ஆகியவற்றைப் பாதிக்கக்கூடியது. ஆயினும், கைப்பேசி வழியே பரவிய வதந்திகளால் பெற்றோர் பலர் தயங்கினர். முகாம் மார்ச் மாதத்திற்கும் நீட்டிக்கப்பட்டது. மருத்துவர்களும் ஆசிரியர்களும் ஐயங்களுக்கு விளக்கமளிக்க வேண்டியதாயிற்று.

நீதியின் நடுநிலை

கொரோனாக் காலத்தில் இவ்வினா மீண்டும் எழுந்தது. ஒருவரையும் வற்புறுத்தித் தடுப்பூசி செலுத்தலாகாது என 2022 மே 2 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. உடல்மீதான உரிமை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவில் அடங்கும் என்றது. அதேவேளையில், பொதுநலம் கருதி அளவான கட்டுப்பாடுகளை அரசு விதிக்கலாம் என்றும், பக்கவிளைவுகள் குறித்த விவரங்கள் மக்களுக்கு வெளிப்படையாகக் கிடைக்க வேண்டும் என்றும் கூறியது.

தட்டம்மை பரவாதிருக்க நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரேனும் தடுப்பாற்றல் பெற்றிருத்தல் வேண்டும். அவ்வளவு பேரையும் ஆணையால் மட்டும் திரட்டிவிட முடியாது. கேட்கும் தாய்க்கு உண்மையை மறைக்காமல் கூறுவது அரசின் கடமை. கேட்டறியாமல் வதந்தியைப் பரப்பாதிருப்பது குடிமக்களின் கடமை. இவ்விரண்டும் கூடும்போது கட்டாயத்தின் தேவை குறையும்.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊர் முதியவர்களிடம் அம்மை குத்தப்பட்ட நாள்களைப் பற்றிக் கேட்டறிந்து, அவர்தம் அச்சத்தையும் அது நீங்கிய விதத்தையும் ஒரு பக்க அளவில் எழுதுக.