காவல் பெட்டிக்கும் ஒரு காவல் தேவை

பதுளை பஸார் வீதியில் மொத்த வியாபாரம் செய்யும் சகோதரர் ஒருவர் சென்ற மாதம் என்னைத் தனது கடைக்கு அழைத்தார். பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பக்கத் தோட்டக் கடைகளுக்கு அரிசி, மா, சீனி அனுப்புபவர். முன்பு கடன் கொப்பியில் இருந்த கணக்கெல்லாம் இப்போது அவரது கொம்பியூட்டரில் இருக்கிறது. இரவில் வீட்டிலிருந்தும் கணக்குப் பார்ப்பதற்காக 'ஃபயர்வோல்' என்னும் காவல் பெட்டி ஒன்றைப் பாவித்த விலைக்கு வாங்கிப் பொருத்தியிருந்தார்.

"நாநா, கள்ளன் வராமத் தடுக்கிற பெட்டியே போட்டாச்சு. இனிப் பயமில்லத்தானே?" என்று கேட்டார்.

"ஆம்" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காரணம், அண்மைய ஆண்டுகளில் கள்ளர்கள் பல பெரிய கம்பனிகளுக்குள் நுழைந்தது இந்தக் காவல் பெட்டி வழியாகவேதான். இது நமது வியாபாரிகள் எல்லோரும் தெரிந்திருக்க வேண்டிய விடயம் என்பதால் இந்த வாரம் எழுதுகிறேன்.

பின்னால் நடக்கும் கள்ளன்

உங்கள் கடையை நினைத்துப் பாருங்கள். முன்னால் இறாக்கை. அதற்குப் பின்னால் ஸ்டோர். அதற்கும் பின்னால் உள்ளறை, இரும்புப் பெட்டி. கடைப் பையனிடம், "முன் இறாக்கையில் உள்ளதை யார் கேட்டாலும் எடுத்துக்கொடு" என்று சொல்லியிருக்கிறீர்கள். ஒருவன் துண்டு ஒன்றை நீட்டுகிறான். அதில், "முன் இறாக்கை, அங்கிருந்து ஒரு படி பின்னால், இன்னும் ஒரு படி பின்னால், பிறகு உள்ளறை, இரும்புப் பெட்டியில் உள்ள கொப்பி" என்று எழுதியிருக்கிறது. பையன் முதற் சொல்லை மட்டும் பார்க்கிறான். முன் இறாக்கைதானே என்று நினைத்து, துண்டில் எழுதியபடியே நடந்து போய்க் கொப்பியைக் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறான்.

கொம்பியூட்டரிலும் இதேதான் நடக்கிறது. அங்கு கோப்புகள் ஒன்றுக்குள் ஒன்றாக அறைகளில் அடுக்கப்பட்டிருக்கின்றன. இரண்டு புள்ளியும் ஒரு சாய்கோடும் சேர்த்து எழுதினால் 'ஒரு படி வெளியே போ' என்று பொருள். கேட்பவர் எழுதியனுப்பும் பாதையை முழுமையாகச் சோதிக்காத பெட்டியிடம் இந்த அடையாளத்தைப் பல தடவை எழுதி அனுப்பினால், அது பூட்டிய அறை வரை போய் வந்துவிடும். இதற்குப் பாதை தாண்டும் ஓட்டை என்று பெயர். பூட்டை உடைக்கத் தேவையில்லை, சாவியும் தேவையில்லை.

உண்மையில் நடந்தவை

உலகெங்கும் பாவனையில் உள்ள ஃபோர்டிநெட் கம்பனியின் காவல் பெட்டிகளில் இத்தகைய ஓட்டை ஒன்றைத் தாய்வான் ஆய்வாளர்களான ஒரேஞ்ச் சாய், மே சாங் ஆகியோர் கண்டுபிடித்தனர். வெளியிலிருந்து இணைவதற்கான 'வீ.பீ.என்.' பக்கத்தில் மொழியைத் தெரிவு செய்யும் வசதி உண்டு. கேட்ட மொழிக் கோப்பின் பெயருக்குப் பின்னால் பெட்டி தானாக ஒரு விகுதியைச் சேர்க்கும். மொழிக் கோப்பைத் தவிர வேறெதுவும் வெளியே போகாது என்று நினைத்துச் செய்த ஏற்பாடு அது. ஆனால் பெயரை மிக நீளமாக எழுதினால் விகுதிக்கு இடமில்லாமல் அது வெட்டுப்பட்டுவிடும். பிறகு எந்தக் கோப்பையும் கேட்கலாம். அப்படிக் கேட்கக்கூடிய ஒரு கோப்பில், உள்ளே நுழைந்தவர்களின் பெயர்களும் பாஸ்வேர்டுகளும் மறைப்பு எதுவுமின்றி அப்படியே எழுதப்பட்டிருந்தன.

கம்பனி இதற்கான திருத்தத்தை அறிவித்தது 2019 மே மாதத்தில். இருந்தும் பலர் பொருத்தவில்லை. 2021 செப்டெம்பரில் சுமார் 87,000 பெட்டிகளின் பாஸ்வேர்டுகள் பகிரங்கமாக வெளியிடப்பட்டன. அப்போது கம்பனி சொன்ன ஒரு விடயம் முக்கியமானது. திருத்தம் பொருத்தியிருந்தாலும், பாஸ்வேர்டை மாற்றாதவர்கள் இன்னும் ஆபத்தில்தான் இருக்கிறார்கள் என்றது. கொப்பியைக் கள்ளன் பிரதி எடுத்த பிறகு கதவைப் பூட்டி என்ன பயன்?

நாணய மாற்று வியாபாரத்தில் பெயர் பெற்ற ட்ராவலெக்ஸ் கம்பனியின் கதை இன்னும் கசப்பானது. அவர்கள் பாவித்த பல்ஸ் செக்யூர் என்ற வீ.பீ.என். பெட்டியிலும் இதே வகை ஓட்டை இருந்தது. திருத்தம் வந்தது 2019 ஏப்ரலில். இன்னும் பொருத்தவில்லையே என்று செப்டெம்பரில் ஆய்வாளர் ஒருவர் எச்சரித்தார். டிசம்பர் 31ஆம் திகதி கப்பம் கேட்கும் வைரஸ் தாக்கியது. ஊழியர்கள் வாரக்கணக்கில் பேனையும் தாளும் கொண்டு வேலை செய்தார்கள். சுமார் 23 இலட்சம் டொலர் கப்பம் கொடுக்கப்பட்டதாகப் பின்னர் அமெரிக்கப் பத்திரிகை ஒன்று எழுதியது. கொரோனாவும் சேர்ந்துகொள்ள, 2020 ஆகஸ்ட்டில் கம்பனி நிருவாகிகளின் கைக்குப் போனது. 1,300க்கும் மேற்பட்டோர் வேலை இழந்தனர்.

இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2025 ஏப்ரலில் ஃபோர்டிநெட் இன்னொரு எச்சரிக்கை விடுத்தது. பழைய ஓட்டைகளால் நுழைந்தவர்கள், அதே மொழிக் கோப்பு அறைக்குள் இரகசிய இணைப்பு ஒன்றை விட்டுச் சென்றிருந்தார்கள். ஓட்டையை அடைத்த பிறகும் அவர்களால் உள்ளே இருப்பதை வாசிக்க முடிந்தது. அதே ஆண்டு நவம்பரில் அக்கம்பனியின் ஃபோர்டிவெப் பெட்டியிலும் பாதை தாண்டும் ஓட்டை வெளிப்பட்டது. அதனால் முன்பின் தெரியாதவனும் பெட்டிக்குள் தனக்கென நிருவாகி கணக்கு ஒன்றை உண்டாக்கிக்கொள்ள முடிந்தது.

நமது நாட்டில், 2023 ஆகஸ்ட்டில் அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேவையைக் கப்ப வைரஸ் தாக்கியது. அது பாதை தாண்டும் ஓட்டையால் வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் பாடம் ஒன்றுதான். அங்கு ஓடிக்கொண்டிருந்தது காலம் கடந்த மென்பொருள். சுமார் 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான காலத்துக்குத் தனியாகப் பிரித்து வைத்த பிரதி இல்லாததால் அந்தக் கடிதங்கள் திரும்பக் கிடைக்கவில்லை.

நாம் செய்ய வேண்டியவை

1. பெட்டியைப் பொருத்தியவரிடம், கடைசியாக எப்போது திருத்தம் பொருத்தினீர்கள் என்று திகதியோடு கேளுங்கள். பாவித்த பெட்டி வாங்கினால், கம்பனி அந்த மொடலுக்கு இன்னும் திருத்தம் தருகிறதா என்பதை வாங்கும் முன்பே அறிந்துகொள்ளுங்கள். தராவிட்டால், விலை எவ்வளவு மலிவானாலும் அது நட்டமே.

2. திருத்தம் பொருத்திய அன்றே எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். நிருவாகி பட்டியலில் தெரியாத பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

3. பெட்டியின் நிருவாகப் பக்கம் இன்டர்நெட்டில் வெளியே தெரியக்கூடாது. வீட்டிலிருந்து கணக்குப் பார்க்கும் அவசியம் இல்லாவிட்டால் அந்த வழியையே மூடிவிடுங்கள். அவசியமென்றால் பாஸ்வேர்டோடு தொலைபேசிக்கு வரும் இலக்கத்தையும் கேட்கும்படி வையுங்கள்.

4. வாரம் ஒருமுறை கணக்கைத் தனி டிஸ்க்கில் பிரதி எடுத்து, கழற்றி வேறிடத்தில் வையுங்கள். கொழுவியபடியே இருக்கும் டிஸ்க்கையும் வைரஸ் பூட்டிவிடும். பிரதி திறக்கிறதா என்றும் இடையிடையே சோதியுங்கள்.

5. தாக்குதல் நடந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். இலங்கை சேர்ட் நிறுவனத்துக்கும் பொலிஸுக்கும் அறிவியுங்கள். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி இது தண்டனைக்குரிய குற்றம்.

சகோதரரின் கடையில் அன்றே பெட்டியைச் சோதித்தோம். வாங்கிய நாளிலிருந்து ஒரு திருத்தமும் பொருத்தப்படவில்லை. அந்த மொடலுக்குத் திருத்தம் வருவதும் நின்றுவிட்டது. "கள்ளன் வந்தாலும் என்னட்ட என்ன இருக்கு நாநா, கடன் கணக்குத்தானே?" என்றார். அந்தக் கணக்கைத் திறந்து பார்க்கச் சொன்னேன். கடைக்காரர்களின் அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம், யார் யாருக்கு எவ்வளவு பாக்கி, தீபாவளிக்கு வாங்கியதை எந்தச் சம்பளத்தில் தருவதாகச் சொன்னார்கள் என்பதெல்லாம் அதில் இருந்தன. அவர்கள் நம்மை நம்பித் தந்த விபரம் அது. அது நமது சொத்தல்ல, நம்மிடமுள்ள அமானிதம். சகோதரர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு வெளிவழியை மூடச் சொன்னார். புதிய பெட்டி வரும்வரை கடையிலிருந்தே கணக்குப் பார்க்கிறார்.

ஒட்டகத்தைக் கட்டாமல் தவக்குல் வைக்க நினைத்தவருக்கு நபி (ஸல்) அவர்கள் சொன்ன அறிவுரையை நாம் ஜும்ஆக்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். கட்டிய கயிறு இற்றுப்போயிருக்கிறதா என்று இடையிடையே பார்ப்பதும் அதில் சேர்ந்ததே. அல்லாஹ் நமது வியாபாரங்களில் பரக்கத் செய்வானாக.