ஒரு காசு குறையும்போது

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய டேட்டாபேஸ் டேபிள் அமைப்பைப் பார்த்தேன். நன்றாக யோசித்துச் செய்திருக்கிறாய். ஆனால் விலை, வரி, நிலுவை மூன்றுக்கும் ஃப்ளோட் போட்டிருக்கிறாய். அதை இன்றே மாற்றிவிடு.

அரை, கால், அரைக்கால், மாகாணி எல்லாம் ஃப்ளோட்டில் பிசகாமல் உட்காரும். இரண்டிரண்டாகப் பிரித்துக்கொண்டே போனால் கிடைப்பவை அவை. ரூபாய்க்குப் பதினாறு அணா இருந்த நாளில் ஓர் அணாவை அது அப்படியே வைத்திருக்கும். 1957-இல் நயா பைசா வந்தது. நூறு பைசாவில் 25, 50, 75 மூன்றைத் தவிர வேறு எந்தச் சில்லறையும் ஃப்ளோட்டில் சரியாக அடங்காது. 0.1-ஐப் பத்து முறை கூட்டிப் பார். 0.9999999999999999 என்று வரும்.

யாருக்குத் தெரியப்போகிறது என்று நானும் உன் வயதில் நினைத்தேன். ஒரு காசு வித்தியாசத்துக்காக ஒரு கணக்காளர் இரவு வெகுநேரம் ரசீதுகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். பிழை என் நிரலில் இருந்தது. அவரோ தன் கூட்டலையே சந்தேகப்பட்டுத் திரும்பத் திரும்பக் கூட்டினார். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

பெயரைப் பார்த்து ‘மணி’ வகைக்கும் போய்விடாதே. எஸ்க்யூஎல் சர்வரில் அதற்கு நான்கு தசம இடம்தான். 10 லட்சத்தை 30 லட்சத்தால் வகுத்தால் 0.3333-இல் நின்றுவிடும், திரும்ப 30 லட்சத்தால் பெருக்கினால் 9,99,900. நூறு ரூபாய் காணோம். போஸ்ட்கிரஸில் ‘மணி’ வகையின் தசம இடம் டேட்டாபேஸின் லோகேல் அமைப்பைப் பொறுத்தது.

டெசிமல் போடு, (19,4) பெரும்பாலும் போதும். அளவு சொல்லாமல் வெறும் டெசிமல் என்று விட்டால் மைஎஸ்க்யூஎல் (10,0) என்று எடுத்துக்கொண்டு தொகையை முழு ரூபாயாக ரவுண்ட் செய்துவிடும். நிரலிலும் டெசிமலாகவே வாசி. டபுளில் வாங்கினால் பட்ட பாடெல்லாம் வீண். பைசாவாக்கி முழு எண்ணில் வைப்பதும் நல்ல வழிதான். ஆனால் ஜப்பானிய யென்னுக்குத் தசமமே இல்லை, குவைத் தினாருக்கு மூன்று இடம். நாணயக் குறியீட்டுக்குத் தனி நெடுவரிசை வை.

வரியை ஒவ்வொரு பொருளுக்கும் ரவுண்ட் செய்வதா, மொத்தம் போட்ட பிறகா என்பதை நீயாக முடிவு செய்யாதே. கணக்காளரிடம் உட்கார்ந்து கேள். அவர் சொன்னதை எழுதி வை. ஏற்கெனவே ஃப்ளோட்டில் ஏறிய நிலுவைகளை ரசீதோடு ஒப்பிட்டுத்தான் மாற்ற வேண்டும். வெள்ளிக்கிழமை வா, சேர்ந்தே பார்ப்போம்.

அன்புடன்,
அண்ணன்